தென்னாப்பிரிக்கா நேட்டாலுக்கு கப்பலேறின கொள்ளுப்பாட்டிய தேடறீங்களா? இந்த தப்ப பண்ணாதீங்க

சென்னைலேர்ந்து கிளம்பின ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16ல நேட்டால்ல இருக்கற டர்பன் துறைமுகத்துக்கு போய் சேர்ந்துச்சு, அதுலேர்ந்து 1911 வரைக்கும் சென்னை, கல்கத்தா ரெண்டு துறைமுகத்துலேர்ந்தும் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல ஒப்பந்தக் கூலியா நேட்டால் போனாங்க. அதுல போன ஒரு பொம்பளைய தேடறவங்க முதல்ல சறுக்கற இடம் சர்நேம். இப்ப வீட்ல இருக்கற மூட்லி (நம்ம முதலிதான்), பிள்ளை எல்லாம் பெரும்பாலும் புருஷன் வழில ஒட்டிக்கிட்டது, கப்பல் லிஸ்ட்ல அவங்களுக்கு சொந்தப் பேரும் அப்பா பேரும்தான் இருக்கும்.

சரி சொந்தப் பேர வச்சு தேடலாம்னா முனியம்மா மட்டும் எத்தனை பேரு! கிளார்க் காதுல விழுந்த மாதிரி எழுதினதால ஒரே பேருக்கு ஏகப்பட்ட ஸ்பெல்லிங் வேற. அதனால பேரை விடுங்க, கலோனியல் நம்பர தேடுங்க. வந்து இறங்கின ஒவ்வொருத்தருக்கும் ஒரு நம்பர் உண்டு, கல்யாணப் பதிவு, புள்ளைங்க பர்த் சர்டிஃபிகேட், இறப்புப் பதிவுன்னு பழைய பேப்பர் எதுலயாவது அது ஒட்டிட்டு இருக்கும், நம்பர் கிடைச்சா கப்பல், வயசு, அப்பா பேரு, சாதி, ஊருன்னு ஒரு வரில வந்துடும். வயச மட்டும் அப்படியே நம்பாதீங்க, அது குத்துமதிப்பு.

இன்னொன்னு, லிஸ்ட்ல அடுத்த நம்பர்ல ஒரு ஆம்பள இருந்தா உடனே புருஷன்னு குடும்ப மரத்துல வரைஞ்சுடறாங்க. நானே ஒருத்தங்களுக்கு தேடிக் குடுக்கறப்ப இத பண்ணி ரெண்டு மாசம் வேற யாரோ குடும்பத்துக்குள்ள சுத்திட்டு இருந்தேன். நூறு ஆம்பளைக்கு 40 பொம்பளை இருக்கணும்னு ரூல் வச்சிருந்தாங்க, அதனால விதவை, வீட்ட விட்டு வந்தவங்கன்னு தனியா ஏறினவங்க நிறைய, கப்பலேறறதுக்கு முன்னாடி தங்க வச்ச டிப்போல ஜோடி சேர்ந்தவங்களும் உண்டு. அப்படி இருக்கறப்ப புருஷன் ஊர்தான் அவங்க ஊருன்னு போனா வேற ஜில்லாவுல போய் நிப்பீங்க.

ஊர் தேடறதுலயும் ஒரு வில்லங்கம் இருக்கு. வட ஆற்காடுன்னு போட்டிருந்தா எல்லாரும் வேலூர் பக்கமே தேடறாங்க, ஆனா 1911ல சித்தூர் ஜில்லா பிரியற வரைக்கும் சித்தூரும் வட ஆற்காடுதான். ஊர் பேர மட்டும் பாக்காம பக்கத்து கட்டத்துல இருக்கற தாலுகாவையும் பாருங்க, அது சித்தூர்னா அந்த ஊரு ஆந்திரா மேப்லதான் கிடைக்கும்.