தரையிறங்கும்போது ஒலிக்கும் நிலப்பரப்பு எச்சரிக்கை: தொடக்கநிலையினருக்கான செய்முறை

எந்திரக் கோளாறு ஏதுமில்லாத விமானம், விமானியின் கட்டுப்பாட்டில் இருக்கும்போதே மலையிலோ தரையிலோ மோதும் விபத்துகளைத் தடுப்பதற்காக, டொனால்ட் பேட்மேன் என்ற பொறியாளர் உருவாக்கிய எச்சரிக்கைக் கருவியே இன்று பயணிகள் விமானங்களில் உள்ள நிலப்பரப்பு எச்சரிக்கை அமைப்புக்கு அடிப்படை. சிமுலேட்டரில் பழகுவோரும் விமானிப் பயிற்சியில் புதிதாகச் சேர்ந்தோரும் அதனோடு இணைந்து இயங்க வேண்டிய முறையைப் பார்ப்போம்.

படி 1: உயரமானியைச் சரிசெய்தல்

கட்டுப்பாட்டு மையம் தரும் காற்றழுத்த அளவை உயரமானியில் பதிந்து, வானிலை அறிக்கையோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். காற்றழுத்தத்தை அளக்கும் அலகான ஹெக்டோபாஸ்கலில் 1 பிசகினால் உயரம் ஏறத்தாழ 28 அடி பிசகும். 2022 மே மாதம் பாரிஸின் சார்ல் து கோல் விமான நிலையத்தை நெருங்கிய ஏர்பஸ் 320 விமானத்துக்கு 1001 என்பதற்குப் பதிலாக 1011 என்ற அளவு தரப்பட்டது. உயரமானி காட்டியதைவிட ஏறத்தாழ 280 அடி தாழ்வாக வந்த அந்த விமானம், ஓடுபாதை தொடங்குவதற்கு முன்பே தரையிலிருந்து 6 அடி உயரம் வரை இறங்கிவிட்டுத்தான் மேலெழுந்தது. விமானத்திலிருந்த எச்சரிக்கைக் கருவி ஒலிக்கவே இல்லை. ஓடுபாதையை நெருங்க நெருங்கத் தாழ்வது இயல்பு என்பதால் இக்கருவி தன் எச்சரிக்கை எல்லையைச் சுருக்கிக்கொள்ளும்; ஆகவே அது மௌனமாக இருக்கிறது என்பதை மட்டும் நம்பி இறங்கக் கூடாது.

படி 2: திரையைப் பார்த்தல்

ஒரு விமானியின் திரையிலாவது நிலப்பரப்புப் படம் தெரியட்டும். விமானத்தைவிடத் தாழ்ந்த நிலம் பச்சையிலும், ஏறத்தாழ அதே உயரத்தில் இருப்பது மஞ்சளிலும், மிக உயர்ந்தது சிவப்பிலும் தெரியும்.

படி 3: கருவியின் குரலைப் பிரித்தறிதல்

"சிங்க் ரேட்" என்றால் இறங்கும் வேகம் அதிகம். "கிளைடு ஸ்லோப்" என்றால் ஓடுபாதைக்கு இறங்க வேண்டிய சரிவுப் பாதைக்குக் கீழே போய்விட்டீர்கள். "டூ லோ, கியர்" என்றால் சக்கரங்கள் இறங்கவில்லை. இவை உடனே திருத்த வேண்டியவை. "டெரைன், டெரைன், புல் அப்" என்பது வேறு வகை. அதற்குத் திருத்தம் போதாது, தப்பித்தல் மட்டுமே வழி.

படி 4: "புல் அப்" கேட்டவுடன்

தானியங்கிக் கட்டுப்பாட்டைத் துண்டித்து, எந்திரங்களுக்கு முழு உந்துவிசை கொடுத்து, இறக்கைகளைச் சமநிலைக்குக் கொண்டுவந்து, மூக்கை உயர்த்துங்கள்; போயிங் விமானங்களில் தொடக்கமாக 20 பாகை. இறக்கை மேலுள்ள வேகத்தடைப் பலகைகள் விரிந்திருந்தால் மடக்குங்கள். சக்கரங்களையும், இறக்கையின் பின்விளிம்பில் உள்ள மடிப்புப் பலகைகளான ஃபிளாப்புகளையும் நிலத்தைத் தாண்டியது உறுதியாகும் வரை தொட வேண்டாம். மற்ற விமானி ரேடியோ உயரமானியைப் பார்த்து, தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பதை உரக்கச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

எச்சரிக்கை உண்மையா பொய்யா என்று ஆராய்வதற்கான நேரம் இதுவன்று. 2010 ஜூலை 28 அன்று இஸ்லாமாபாத்தில் தரையிறங்க வந்த ஏர்புளூ விமானத்தில் ஒரு நிமிடத்துக்கும் மேலாக எச்சரிக்கைகள் ஒலித்தன, துணை விமானியும் மேலெழும்படி வற்புறுத்தினார். எனினும் விமானம் மார்கல்லா மலையில் மோதி, அதிலிருந்த 152 பேரும் உயிரிழந்தனர். பகல் வெளிச்சத்தில் நிலம் தெளிவாகத் தெரிந்தால் விதிவிலக்கு உண்டென்று சில நடைமுறைகள் கூறினாலும், பழகும் கட்டத்தில் அதை நாடாமல் இருப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

படி 5: குரல் நின்ற பிறகு

குரல் நின்றதும் மீண்டும் இறங்கத் தொடங்காமல், அப்பகுதிக்குரிய குறைந்தபட்சப் பாதுகாப்பு உயரம் வரை ஏறி, கட்டுப்பாட்டு மையத்துக்குத் தெரிவியுங்கள். எச்சரிக்கைக்கான காரணம் தெரிந்து, உயரமானியின் அளவையும் மறுபடி சரிபார்த்த பிறகே அடுத்த முறை இறங்க வேண்டும்.