குடும்பத்துக்குப் பழைய படகு: வாங்கும்முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய படகு பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பதைத்தான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் இன்ஜின் கெட்டால் பழுது பார்க்கலாம், முடியாவிட்டால் மாற்றிவிடலாம். படகின் உடலுக்குள் இருக்கும் மரம் மக்கிப்போனால் அதைச் சரிசெய்யும் செலவில் இன்னொரு படகே வாங்கிவிடலாம். அதனால் என்னைக் கேட்டால், முதலில் உடலைப் பாருங்கள், இன்ஜின் அப்புறம்.

ஃபைபர் படகு என்றால் முழுக்க ஃபைபர் என்று நினைத்துக்கொள்வதில்தான் தவறு தொடங்குகிறது. பல பழைய ஃபைபர் படகுகளின் உள்ளே மரம் இருக்கிறது. இன்ஜினைத் தாங்கும் பின்சுவரான டிரான்ஸமில் ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவே ஒட்டுப்பலகை இருக்கும். தரைக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் ஸ்டிரிங்கர்களும் மரமாக இருக்கலாம். ஏணி மாட்டவோ ஆழம் காட்டும் கருவியைப் பொருத்தவோ யாரோ ஒரு திருகைப் போட்டு, ஓட்டையைச் சரியாக அடைக்காமல் விட்டிருப்பார்கள். அதன் வழியே கசியும் நீர் வருடக்கணக்கில் உள்ளேயே தங்கி மரத்தை மக்க வைக்கும். மேலே பாலிஷ் பளபளத்துக்கொண்டே இருக்கும்.

கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டமில்லை. வெறுங்காலோடு தரை முழுக்க, ஓரங்களையும் விடாமல், அழுத்தி நடந்து பாருங்கள். மெத்தென்று அமுங்கும் இடம் நல்ல அறிகுறி இல்லை. டிரான்ஸமை ஒரு ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால், பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்பதுபோல் அங்குலம் அங்குலமாகத் தட்டுங்கள். நல்ல இடத்தில் சத்தம் கணீரென்று வரும், மக்கிய இடத்தில் மந்தமாக இருக்கும். இன்ஜினை டிரான்ஸமுக்கு வெளியே மாட்டியிருக்கும் அவுட்போர்டு படகு என்றால் இன்ஜினைச் சற்றே தூக்கிவைத்து அதன் கீழ்ப்பகுதியை ஒருவர் மேலும் கீழும் அழுத்தட்டும், இன்னொருவர் டிரான்ஸமைக் கவனிக்கட்டும். அது வளைந்து கொடுத்தால், விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

தரைக்கு அடியில் அடைத்திருக்கும் ஃபோமும் காலப்போக்கில் நீரை உறிஞ்சிக்கொள்ளும். டிரெய்லரோடு எடைமேடையில் ஏற்றி, தயாரிப்பாளர் சொல்லும் எடையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எரிபொருள், டிரெய்லர், சாமான்கள் எல்லாவற்றையும் கழித்த பிறகும் நூற்றுக்கணக்கான கிலோ கூடுதலாக இருந்தால், நீங்கள் நீரையும் சேர்த்து விலைக்கு வாங்குகிறீர்கள்.

குடும்பத்தைப் பொறுத்தவரை இதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. என்ன விளையாடப் போகிறோம் என்று முடிவு செய்யாமலே படகை வாங்குவது. காற்றடைத்த டியூப், ஸ்கீ, காலில் மாட்டும் பலகையான வேக்போர்டு இவற்றைப் படகு கயிறு கட்டி இழுக்கும்; அந்தக் கயிறு பொதுவாக 15 மீட்டருக்கு மேல் நீளும், விழுந்தாலும் படகிலிருந்து தள்ளித்தான் விழுவார்கள். அவுட்போர்டோ, இன்ஜின் உள்ளேயும் புரொப்பல்லர் பின்னால் வெளியேயும் இருக்கும் ஸ்டெர்ன் டிரைவோ தாராளமாகப் போதும். படகு எழுப்பும் அலையிலேயே பலகையில் சறுக்கும் வேக்சர்ஃபிங் அப்படியில்லை. சறுக்குகிறவர் படகின் பின்முனைக்குச் சில மீட்டர் தூரத்திலேயே, பெரும்பாலும் கயிறே இல்லாமல் நிற்பார். அவுட்போர்டிலும் வழக்கமான ஸ்டெர்ன் டிரைவிலும் புரொப்பல்லர் பின்முனைக்கு வெளியே சுழல்கிறது, ஒரு தடுமாற்றம் போதும். அதற்கு, புரொப்பல்லர் படகின் அடியில் உள்ளடங்கி இருக்கும் இன்போர்டு படகுதான் பொருத்தம். பிள்ளைகள் பிற்பாடு கேட்கக்கூடும் என்று தெரிந்தால் இப்போதே யோசித்துவிடுங்கள்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். பின்புற மேடையில் உட்கார்ந்து காலை நீரில் தொங்கவிடுவது பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். பெட்ரோல் இன்ஜின் ஓடும்போது புகையோடு வெளியேறும் கார்பன் மோனாக்சைடு அங்கேதான் தேங்குகிறது. அதற்கு வாசனை இல்லை, உயிரையே எடுத்துவிடும். இன்ஜின் ஓடும்போது யாரும் அங்கே உட்காரக் கூடாது. எந்தப் படகை வாங்கினாலும் அதற்கான எச்சரிக்கைக் கருவி ஒன்றைச் சேர்த்துப் பொருத்துங்கள்.

சரி, இன்ஜின். குறைந்த மணி நேரம் என்றாலே நல்ல இன்ஜின் என்று நம்ப வேண்டாம். 15 வருடத்தில் 100 மணி நேரம் மட்டும் ஓடிய இன்ஜினைவிட, ஒழுங்காகப் பராமரித்து 500 மணி நேரம் ஓடியதை நான் நம்புவேன். ஓடாமல் கிடந்தால் ரப்பர் காய்ந்து வெடிக்கும், எரிபொருள் பிசினாகிக் குழாய்களை அடைக்கும். பராமரிப்பு ரசீதுகளைக் கேளுங்கள். குளிரூட்டும் நீரை இறைக்கும் இம்பெல்லரை ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை மாற்றியிருக்க வேண்டும். கியர் ஆயில் பால் கலந்ததுபோல் இருந்தால் நீர் புகுந்திருக்கிறது. சிலிண்டர்களின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் சோதனையில் அவற்றுக்கு இடையே 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் மெக்கானிக்கிடம் காட்டாமல் பேசாதீர்கள். நீங்கள் போகும்போது இன்ஜின் ஏற்கெனவே சூடாக இருந்தால், இன்னொரு நாள் வந்து குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து பார்ப்பதாகச் சொல்லிவிடுங்கள். பனி உறையும் பகுதியில் இருந்த படகு என்றால் இன்ஜினின் பிளாக்கில், அதாவது அதன் உலோக உடலில், விரிசல் உண்டா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

நீரில் இறக்காமல், கரையிலேயே குழாய்த் தண்ணீரை விட்டு ஓட்டிக் காட்டுவதை ஏற்க வேண்டாம். வழக்கமாக ஏறப்போகும் அத்தனை பேரையும் ஏற்றி, வேகமெடுத்து நீரின் மேல் எழும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். முழு வேகத்தில் இன்ஜின் சுழற்சி தயாரிப்பாளர் சொல்லும் வரம்பை எட்ட வேண்டும். எட்டாவிட்டால் புரொப்பல்லர் தவறாக இருக்கலாம், இன்ஜின் தளர்ந்திருக்கலாம், அல்லது அந்த நீர் குடித்த ஃபோமாக இருக்கலாம்.

இருக்கைகளை எண்ணி அளவைத் தீர்மானிப்பதும் ஏமாற்றும். ஒருவரை இழுக்கும்போது ஓட்டுநரோடு, பின்னால் பார்த்துக்கொண்டிருக்க இன்னொருவரும் வேண்டும், பல இடங்களில் சட்டமே அப்படித்தான். நனைந்த டியூபும் பலகைகளும் படகில் நாலு பேர் இடத்தை எடுத்துக்கொள்ளும்.

கடைசியாக டிரெய்லரும் காகிதங்களும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட நாலு இலக்கம் தயாரித்த வாரத்தையும் வருடத்தையும் சொல்லும், 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். மேலே உள்ள பட்டன்கள் தேயாமலே டயருக்கு வயதாகியிருக்கலாம். டிரான்ஸமின் வலப்பக்க மேல்மூலையில் உள்ள படகு எண்ணைப் பதிவுச் சான்றோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள், கடன் பாக்கி இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். எண் சுரண்டப்பட்டிருந்தால் முன்பணம் எதுவும் கொடுக்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.