வட்டு டிரைவர் விழுந்தால் பதிவை வட்டில் தேடாதீர்கள்

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் செயலிழந்து விழுந்ததும் பலரும் கணினியை மறுபடி இயக்கிப் பதிவுக் கோப்பைத் திறக்கிறார்கள். விழுந்தது வட்டை இயக்கும் நிரலான வட்டு டிரைவர் என்றால் கடைசி வரிகள் அங்கே இருக்காது. எழுத வேண்டிய கையே முறிந்துவிட்டதே! இரண்டு இரவுகளை நான் இப்படித்தான் தொலைத்தேன். முதலில், கெர்னல் செய்திகளை வலைப்பின்னல் வழியே அனுப்பும் நெட்கன்சோலை அமைத்து, அவற்றைப் பக்கத்துக் கணினிக்கு அனுப்புங்கள்.

வந்தவற்றில் முதல் ஊப்ஸ் (கெர்னலின் பிழை அறிக்கை) செய்தியை மட்டும் படியுங்கள். மற்றவை பெரும்பாலும் அதன் எதிரொலி. தவறிய முகவரியில் வரிசையாகப் பூஜ்ஜியங்கள், கடைசியில் 28 என்றால் எதையும் சுட்டாத வெற்றுச் சுட்டியைச் சந்தேகியுங்கள். ஹெக்ஸில் (பதினாறடிமான எண்முறையில்) 28 என்பது தசமத்தில் 40. தரவுக் கட்டமைப்பின் தொடக்கத்திலிருந்து 40 பைட் தள்ளி இருக்கும் உறுப்பை பாஹோல் கருவி காட்டிவிடும்.

நான் எழுதிய டிரைவரில் கண்டது வேறு: செயலியின் பதிவேடு (ரெஜிஸ்டர்) முழுக்க 6பி6பி6பி6பி. நினைவக ஒதுக்கீட்டைக் கண்காணிக்கும் ஸ்லப் சோதனையை இயக்கியிருந்ததால், விடுவித்த நினைவகத்தில் கெர்னல் அடையாளமாகப் பூசிவைத்த நஞ்சு அது. விடுவித்த பிறகும் அதைத் தொட்டது யார்? நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் கேசானைச் சேர்த்துக் கெர்னலை மறுபடி தொகுத்தேன். நினைவகத்தில் எட்டில் ஒரு பங்கை அது விழுங்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒதுக்கிய இடம், விடுவித்த இடம், பிறகு தொட்ட இடம் மூன்றையும் அச்சிட்டது. காலக்கெடு முடிந்ததென்று நான் விடுவித்த கட்டளைக்கு, வட்டு தாமதமாகப் பதில் சொல்லியிருக்கிறது.

உடனே திருத்தக் கூடாது. விருப்பப்பட்டபோது விழவைக்க முடிய வேண்டும். காலக்கெடுவை 30 நொடியிலிருந்து 1 நொடியாக்கி வட்டுக்குச் சுமை கொடுக்கும் எஃப்ஐஓவை ஓடவிட்டேன். நான்கே நிமிடத்தில் விழுந்தது. கட்டளை இன்னும் எத்தனை இடங்களில் பயன்பாட்டில் உள்ளது என எண்ணும் குறிப்பு எண்ணிக்கையைச் சேர்த்த பிறகு, அதே சோதனை விடியும்வரை விழாமல் ஓடியது.