பதிவு எண் வந்த பிறகு புதிய செவிலியர்கள் செய்யும் தவறுகள்

சென்ற வாரம் எங்கள் வார்டில் புதிதாகச் சேர்ந்த பெண் மாத்திரைக் கிண்ணத்துடன் வந்து நின்றாள். "டாக்டர் எழுதியதைத்தானே கொடுக்கிறேன் சிஸ்டர், என் மேல் என்ன பொறுப்பு வரும்?" என்றாள். இருபது ஆண்டுகளுக்கு முன் நானும் இதையே சொன்னேன். கையெழுத்து விட்டுப்போவது, பணிக்குத் தாமதமாக வருவது போன்றவற்றை யாராவது திருத்திவிடுவார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

பட்டம் போதும் என்று நினைப்பது

பட்டத்தைக் கல்லூரி தருகிறது. பணிபுரியும் உரிமையைச் சட்டம் தருகிறது. செவிலியர் பதிவுக்கென்றே உலகில் முதன்முதலாகத் தனிச் சட்டம் இயற்றிய நாடு நியூசிலாந்து, 1901-இல். முறையாகப் பயின்றவர் யார் என்று மக்கள் அறியப் பதிவேடு வேண்டியிருந்தது. அதில் உங்கள் பெயர் ஏறும்வரை தேர்வு முடிவை மட்டும் நம்பி வார்டுக்குப் போகாதீர்கள்.

"டாக்டர் சொன்னார், செய்தேன்"

இதைக் கேட்டால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. இதற்கு நான் கொடுத்த விலை அப்படி.

முதியவர் ஒருவருக்கு டிகாக்சின் எழுதியிருந்தார்கள். அந்த மருந்து இதயத் துடிப்பைக் குறைக்கும். கொடுக்கும் முன் ஒரு நிமிடம் முழுதாகத் துடிப்பை எண்ண வேண்டும். பெரியவர்களுக்கு 60-க்குக் கீழ் இருந்தால் மருந்தை நிறுத்திவைத்து மருத்துவரிடம் கேட்பதே வழக்கம். எண்ணினேன், 52. அதைத் தாளில் எழுதியும் வைத்தேன். காலையிலிருந்தே குமட்டுகிறது, விளக்கைச் சுற்றி மஞ்சளாகத் தெரிகிறது என்று அவர் சொன்னதும் காதில் விழுந்தது. இரண்டுமே அந்த மருந்து உடலில் மிஞ்சிவிட்டதற்கான அறிகுறிகள். ஆனாலும் உத்தரவு இருக்கிறதே என்று மாத்திரையைக் கொடுத்துவிட்டேன். மாலையில் அவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். பிழைத்தார்.

விசாரணையில் நான் எழுதிய 52-ஐத்தான் முதலில் காட்டினார்கள். "டாக்டர் எழுதியிருந்தார்" என்றேன். "அவரிடம் தனியாகக் கேட்போம். இது உங்கள் பதிவு பற்றிய கேள்வி" என்றார்கள்.

பதிவு பெற்றவர் என்றால் சட்டத்தின் முன் தன் செயலுக்குத் தானே பதில் சொல்பவர். உங்கள் இடத்தில் தகுதியுள்ள இன்னொரு செவிலியர் என்ன செய்திருப்பார் என்பதே அளவுகோல். நிர்வாகம் இழப்பீடு கொடுக்கலாம். பதிவேட்டை வைத்திருக்கும் செவிலியர் கவுன்சில் உங்கள் பெயரை நீக்கினால் அதை நிர்வாகத்தால் மீட்டுத் தர முடியாது.

சந்தேகம் வந்தால் மருந்தை நிறுத்துங்கள். மருத்துவரை அழையுங்கள். அழைத்த நேரம், பேசியவர் பெயர், அவர் சொன்ன பதில் மூன்றையும் உடனே எழுதுங்கள். அதன் பிறகும் கொடுக்கச் சொன்னால் பொறுப்புச் செவிலியரிடம் போங்கள். தீங்கு தரும் உத்தரவை நிறைவேற்ற மறுப்பதும் உங்கள் கடமைதான். அதற்காகத் திட்டு விழும், வாங்கிக்கொள்ளுங்கள்.

ஓரிடத்துப் பதிவு எங்கும் செல்லும் என்று நம்புவது

செல்லாது. இந்தியாவில் மாநில கவுன்சில்கள் பதிவு செய்கின்றன. அமெரிக்காவில் மாநில வாரியங்கள் உரிமம் தருகின்றன. அங்கே பரஸ்பர ஒப்பந்தத்தில் சேர்ந்த மாநிலங்களுக்கிடையே மட்டும் ஓர் உரிமம் போதும். வேலை ஆணையில் கையெழுத்திடும் முன் புதிய ஊரின் விதியைப் படியுங்கள்.

புதுப்பிக்கும் தேதியை மறப்பது

நிர்வாகம் நினைவூட்டும் என்று காத்திருக்காதீர்கள். இன்றே பதிவுச் சான்றிதழை எடுத்துத் தேதியைப் பாருங்கள்.