சோம்பலைச் சொல்லும் ஆங்கிலச் சொற்களை வேரறிந்து கையாள்வது எப்படி?

சோம்பலுக்கு ஆங்கிலத்தில் சொற்கள் பல உண்டென்றாலும், ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்துவதில்லை. எனவே நாம் சொல்ல வருவது ஒருவரது குணமா, வேலையின்றி இருக்கும் நிலையா, உடலின் அயர்ச்சியா என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

குணத்தைக் குறைகூற 'லேஸி' போதும். 16ஆம் நூற்றாண்டில் எழுத்தில் தென்படத் தொடங்கிய இச்சொல்லின் மூலம் குறித்து அறிஞர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

'ஐடில்' என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் வெறுமையானது, பயனற்றது என்றே பொருள். வெற்று மிரட்டலை 'ஐடில் த்ரெட்' என்பதில் அப்பொருள் இன்றும் உயிரோடிருக்கிறது. மூலப்பொருள் வராததால் இயந்திரம் ஓடாமல் நின்றதை அலுவலக அறிக்கையில் எழுத இதுவே சரியான சொல். ஆட்களைப் பற்றி எழுதும்போது மட்டும் காரணத்தையும் சேர்த்தே எழுத வேண்டும். இல்லையேல், வேலை கிடைக்காமல் காத்திருந்தவர்மீது சோம்பேறி என்ற பழி விழுந்துவிடும்.

மிகுந்த கவனம் தேவைப்படுவது 'இன்டலன்ட்'. வலித்தல் என்னும் லத்தீன் வினையோடு எதிர்மறை முன்னொட்டு சேர்ந்து உருவான இச்சொல், 17ஆம் நூற்றாண்டு மருத்துவர்களிடம் வலியில்லாத கட்டியைக் குறித்தது. சிரமப்பட விரும்பாத சோம்பல் என்ற பொருள் 18ஆம் நூற்றாண்டில்தான் வேரூன்றியது. மருத்துவத்தில் பழைய வழக்கின் தொடர்ச்சி இன்றும் உண்டு. பயாப்ஸி அறிக்கையில் 'இன்டலன்ட் லிம்ஃபோமா' என்றிருந்தால், அது நிணநீர் மண்டலப் புற்றுநோயில் மெதுவாக வளரும் வகை என்று பொருள். பொது அகராதியில் சோம்பல் என்று பார்த்துவிட்டு வீட்டார் கலங்கவோ அலட்சியமாக இருந்துவிடவோ கூடாது. மருத்துவரிடமே விளக்கம் கேட்க வேண்டும்.

காய்ச்சலுக்குப் பின் வரும் அயர்ச்சிக்கு 'லெதார்ஜி' பொருந்தும். மறதியைக் குறிக்கும் 'லேத்தே', வேலையற்ற என்னும் 'ஆர்காஸ்' ஆகிய கிரேக்கச் சொற்கள் இதில் உள்ளன. 1894இல் ரேலி, ராம்சே என்னும் விஞ்ஞானிகள் கண்டறிந்த வாயு எதனோடும் வினைபுரியாததால் 'ஆர்கான்' என்று பெயர் பெற்றதும் இந்த 'ஆர்காஸ்' வழியாகத்தான்.

'ஸ்லாத்' என்பதை அன்றாடப் பேச்சில் அளந்தே பயன்படுத்துவது நல்லது, ஏனெனில் அது கிறித்தவ மரபின் ஏழு பெரும் பாவங்களில் ஒன்று. மெதுவான என்னும் 'ஸ்லோ'விலிருந்து இச்சொல் பிறந்தாலும், அதற்குப் பின்னுள்ள கருத்து அக்கறையின்மை என்னும் கிரேக்க 'அக்கேடியா'. 4ஆம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத் துறவியான எவாக்ரியஸ், துறவியைத் தன் அறையையே வெறுக்கவைக்கும் நண்பகல் பேயாக அதை வருணித்தார். மரத்தில் தொங்கும் விலங்குக்கு இப்பெயர் வந்தது பிற்காலத்தில்.

வேரைத் தேட ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலப் பேரகராதியைப் பாருங்கள். அது பொருள்களைக் கால வரிசையில், பழையதை முன்னிறுத்தித் தருகிறது. இன்றைய வழக்குக்கு மாணவர் அகராதியின் எடுத்துக்காட்டு வாக்கியங்களே துணை. 'லோஃபர்' விஷயத்தில் இந்தச் சரிபார்ப்பு மிகவும் அவசியம்: 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் வேலையின்றித் திரிபவரைக் குறித்த அச்சொல் தமிழ்ப் பேச்சில் கடுமையான வசையாகிவிட்டது, ஆங்கிலம் பேசுவோருக்கோ இன்று முதலில் நினைவுக்கு வருவது ஒருவகைக் காலணி.