மஃபின் மாவில் கட்டி இருந்தால் இருக்கட்டும்

முழு கோதுமை மாவில் வாழைப்பழ மஃபின் செய்தால் எனக்கு ரப்பர் மாதிரிதான் வரும். பிட்டுப் பார்த்தால் உள்ளே நீளநீளமாகப் பொந்துகள். மாவு வழவழவென்று ஆகும்வரை கலக்கும் பிடிவாதம்தான் காரணம். கலக்கக் கலக்க, மாவுக்கு இழுவை தரும் கோதுமைப் புரதமான குளூட்டன் இறுகிவிடும். இப்போது ஈரக் கலவையை மாவில் ஊற்றி, கரண்டியால் அடியிலிருந்து மடித்துக் கிளறி, உலர்ந்த மாவு மறைந்ததும் நிறுத்திவிடுகிறேன். சின்னக் கட்டிகள் வேகும்போது காணாமல் போய்விடும். (கை பரபரக்கத்தான் செய்யும்!) அப்புறம் 10 நிமிடம் சும்மா விட்டால் தவிடு ஈரத்தை இழுத்து மிருதுவாகும். தோல் கறுத்த பழமென்றால் சர்க்கரையைப் பாதியாகக் குறைக்கலாம். 190 டிகிரி செல்சியஸில் சுமார் 20 நிமிடம். ஒன்று சாய்ந்திருக்கும், ஒன்று வெடித்திருக்கும், அப்படியே பரிமாறுகிறேன். மிச்சத்தை நன்றாக ஆறவிட்டு ஃப்ரீசரில் வைத்தால் போதும்.