பீக்கோ ட்ரெயில்: மலையகத்தில் நாலு நாள் நடக்க நினைப்பவர்களுக்கு

வெளிநாட்டிலிருந்து இலங்கைக்கு, ஊருக்குப் போனால் யாழ்ப்பாணம், நல்லூர், கொழும்பில் கொஞ்சம் கடை என்று நாள் ஓடிவிடும். மலையகம் என்றால் எல்லவில் ஒன்பது வளைவுப் பாலத்தடியில் ஒரு படம், நுவரெலியாவில் ஒரு இரவு, அவ்வளவுதான். இந்த முறை நாலு நாள் மிச்சம் பிடிக்க முடிந்தால் பீக்கோ ட்ரெயிலில் ஒரு துண்டையாவது நடந்து பாருங்கள். கண்டிக்கு மேலே ஹந்தானையில் தொடங்கி, ஹட்டன் பக்கம் போய், ஹப்புத்தளை, எல்ல என்று சுற்றி, நுவரெலியாவுக்கு அருகே முடிகிற பாதை இது. நீளம் 300 கிலோமீற்றருக்கு மேல். 22 கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். பெரும்பாலும் ஒரு கட்டம் ஒரு நாள் நடை.

யோசனை மிகெல் குனாட் என்ற ஸ்பானியருடையது. இலங்கைச் சுற்றுலாத் துறையில் பல வருடம் ஊறியவர். ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் பணம் கொடுத்தன. பாதையைப் பார்த்துக்கொள்ள இப்போது இலாப நோக்கில்லாத அமைப்பு ஒன்று இருக்கிறது. மலையைப் புதிதாகக் குடையாமல், வெள்ளைத் தோட்டத் துரைமார் காலத்தில் தேயிலை ஏற்றிப்போன பழைய வண்டிப் பாதைகளைத் தேடிப் பிடித்து ஒன்றோடொன்று தொடுத்ததுதான் அவர்கள் செய்த நல்ல காரியம்.

அந்தப் பாதைகளை முதலில் வெட்டியது யார் என்று நம்மவருக்குச் சொல்லத் தேவையில்லை. தோட்ட வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்து, மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியாக நடந்தே போனவர்கள். 2023இல் அந்த வருகையின் 200ஆவது ஆண்டை நினைத்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மறுபடி நடந்தார்கள். இன்றைக்கும் பாதை பிழைத்துக் கிடப்பது தோட்டத்து ஆட்களின் கைவேலையால்தான். மலைநாட்டு மழைக்கு ஓரத்துக் கான், அதாவது வடிகால், அடைபட்டால் தண்ணீர் நடுப்பாதையில் இறங்கும், இரண்டு பருவத்தில் பாதை ஓடையாகிவிடும். கான் வெட்டுவதும் புல் செதுக்குவதும் தோட்டத்து அன்றாட வேலை. அமைப்பு பலகை நடலாம், வரைபடம் போடலாம். மண்வெட்டி இவர்கள் கையில் இருக்கிறது. 2024இல் கூட்டியபோதுகூட இவர்களின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாய்தான் ஆனது. நடக்கும்போது இந்தக் கணக்கு தலைக்குள் இருக்கட்டும்.

எப்போது போவது? நம்மில் பாதிப்பேர் பள்ளி விடுமுறையோடும் நல்லூர்த் திருவிழாவோடும் ஜூலை, ஆகஸ்டில்தான் போகிறோம். அப்போது ஹட்டன், நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கம் தென்மேல் பருவமழை, கூடவே இரத்தம் குடிக்கும் அட்டை. அந்த மாதங்களில் ஊவாப் பக்கத்தை, அதாவது ஹப்புத்தளை, எல்ல பகுதிக் கட்டங்களைப் பிடியுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை என்றால் ஹட்டன் பக்கம் அருமை. எந்த மாதமானாலும் உச்சி வெயில் மட்டும் நம்பத் தகுந்ததல்ல, மதியத்துக்குப் பிறகு வானம் மாறிவிடும். காலை ஆறரைக்கே கிளம்பிவிடுங்கள். அட்டைக்கு நீள மேசும் (காலுறை) ஒரு பொட்டலம் உப்பும் போதும்.

2025 நவம்பரில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப் போட்டது, பல இடங்களில் மண் சரிந்தது. ஆகவே எந்தக் கட்டம் திறந்திருக்கிறது, கட்டணம் எவ்வளவு, ரயில் எதுவரை ஓடுகிறது என்பதை அந்தந்த வாரமே பாதையின் இணையதளத்திலும் தங்குமிடத்திலும் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

கண்டியிலிருந்து தொடங்கினால் முதல் இரண்டு கட்டங்கள் ஹந்தானையிலிருந்து கலஹா, அங்கிருந்து லூல்கந்துர. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துத் துரை, இலங்கையில் முதன்முதலாக வர்த்தகத்துக்கென்று 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட இடம் அது. அவர் உட்கார்ந்து மலையைப் பார்த்த கல்லிருக்கையைக் காட்டுவார்கள். அவருக்காகக் காடு வெட்டியவர்களைப் பற்றித் தெரிய வேண்டுமென்றால் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கம் போய் ஒரு வயதானவரிடம் பேச்சுக் கொடுங்கள். மொழி தெரிந்தவர் என்பதுதான் மற்றப் பயணிகளிடம் இல்லாத வசதி, அதை வீணாக்காதீர்கள்.

பேசுவதற்கும் நேரம் உண்டு. கொழுந்து எடுக்கிற நேரத்தில் நிரைக்குள் புகுந்து "அக்கா, இங்க பாருங்கோ" என்று படம் எடுப்பது அவர் அன்று எடுக்க வேண்டிய கொழுந்தின் கிலோக் கணக்கில் கை வைப்பது. நிறுக்கிற இடத்தில் கூடையை இறக்கியதும் கேளுங்கள், அவரே சிரித்துக்கொண்டு நிற்பார். தேத்தண்ணி தந்தால் மறுக்காதீர்கள். யாழ்ப்பாணத்து வீடுகளில் மலையகத்தாரைப் பற்றிப் புழங்கும் கேலிப் பேச்சை, நம் பிள்ளைகள் காதில் ஏற்கெனவே விழுந்திருந்தால், போவதற்கு முன்பே அவர்களோடு பேசி முடியுங்கள். அங்கே போய்த் திருத்த முடியாது.

கைச்செலவு விஷயத்திலும் கொஞ்சம் யோசனை வேண்டும். பாதையோரத்தில் பிள்ளைகளுக்கு டொபியும் நூறு ரூபாயும் கொடுத்துப் பழக்காதீர்கள், அடுத்து வருகிறவரைப் பார்த்துக் கைநீட்டுவார்கள். கொப்பி, பை கொண்டுபோனால் தோட்டப் பாடசாலை அதிபரிடம் ஒப்படையுங்கள். வழிகாட்டி தேவையென்றால் கொழும்பு முகவரை விட அந்தத் தோட்டத்து இளைஞர் ஒருவரைத் தங்குமிடத்திலேயே கேட்டுப் பிடியுங்கள், கூலியைப் புறப்படும் முன்பே பேசி அவர் கையிலேயே கொடுங்கள். பழைய துரை பங்களாக்களில் ஒரு இரவு ஆசைக்குத் தங்கலாம். மிச்ச இரவுகளை வீட்டோடு சேர்ந்த சின்ன விடுதிகளில் வைத்துக்கொண்டால் இரவுக்குச் சுடச்சுட ரொட்டியும் சம்பலும் கிடைக்கும், பணமும் அந்த ஊருக்குள்ளேயே தங்கும்.